தங்கச்சியின் காலில் இரண்டு அட்டை

மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடமே அட்டை பிடுங்குவதுதான். றப்பர் மலை வழியாக நடந்து வருகிற யாரையும் ரத்தம் குடிக்காமல் அட்டை சும்மா விடாது. இரண்டிரண்டு பேராக வராந்தாவில் உட்கார்ந்து, ஒருவர் காலை மற்றவர் புரட்டிப் பார்ப்போம். அட்டை இருந்தால் சுண்ணாம்பைத் தடவிவிடுவோம். ஆளுக்கொரு ஜோடி உண்டு. ஜோடி மாறினால் சண்டை.

அந்த வருஷம்தான் என் தங்கச்சியைச் சேர்த்தார்கள். அவளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே இடது கால் மெலிந்து வளைந்திருந்ததால் அதுவரை சேர்க்கவில்லை. பள்ளிக்கூட அதிபர் எங்கள் அம்மாவிடம், "ஒரு மாசம் பாப்போம். சரிவரலன்னா கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லியிருந்தார்.

அந்த மெலிந்த காலை அம்மாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. நானும்தான். அவள் பையைச் சுமப்பேன், ஏற்றத்தில் கையைப் பிடித்து இழுப்பேன், பெரிய தியாகி என்ற நினைப்பு வேறு. ஆனால் அந்தக் காலைக் கண்டால் எனக்குப் பயம்.

தங்கச்சி முழங்கால்வரை சொக்ஸை இழுத்துவிட்டு, "எனக்கு அட்டை ஏறாது" என்று தனியாகவே உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, "நாளையோட நான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவளுடைய வெள்ளைச் சொக்ஸில் ரத்தம் பரவியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள். நான் என் ஜோடியின் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தங்கச்சியின் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு வாயாடி. அன்று அவளுடைய ஜோடி வரவில்லை. நேராக வந்து தங்கச்சி முன்னால் உட்கார்ந்தாள்.

"காலக் காட்டு."

"எனக்கு ஏறாது."

"அப்ப இந்த ரத்தம் யாருது? காட்டுடி."

தங்கச்சி மெதுவாகச் சொக்ஸைக் கழற்றினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தர்ஷினி அந்த மெலிந்த காலைத் தன் மடியில் வைத்து, அவசரமில்லாமல் புரட்டினாள். பிறகு மற்றக் காலையும் பார்த்தாள்.

"அம்மோ! இந்தக் கால்ல ரெண்டு, அந்தக் கால்ல ஒன்னு. மெலிசா இருந்தாலும் இதுலதான் ருசி போல!"

போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தங்கச்சிதான். சிரிப்பு அடங்கியதும், "இப்ப ஒன் காலக் காட்டு" என்று அதிகாரம் செய்தாள். தர்ஷினியின் விரல் இடுக்கில் ஒன்று கிடைத்ததும் பரிசு வாங்கியவளைப் போலக் கத்தினாள்.

சாயந்திரம் கால் கழுவிவிடும்போது அந்தக் காலில் தடவியிருந்த சுண்ணாம்பை அம்மா பார்த்துவிட்டாள். "யாரு வச்சது?"

"தர்ஷினி. திங்கக்கிழமையும் அவதான் எனக்கு ஜோடி. நேரத்தோட போகணும்மா."

அம்மா அந்தக் காலைப் பிடித்தபடியே அழுதாள். நான் கவனிக்காமல் விட்டதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "இனிமே நானே பாத்துவிடுறேம்மா" என்றேன்.

"நீ பாக்க வேணாம். அந்தப் புள்ளயே பாக்கட்டும்."

சொந்த அக்காவை விட்டுவிட்டு ஊரார் பிள்ளையை நம்புகிறாளே என்று இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை.