ஹாலந்துக் காட்டுக்காகச் சைக்கிள் பழகியது

ஓமானின் சோஹாரில் ஜூன் பிறந்துவிட்டால், எங்கள் வீட்டில் குளிர்ந்த தண்ணீருக்குக் கீசர் குழாயைத்தான் திறப்போம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது விளங்காது. மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ச்சிய தண்ணீர், பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஆவி பறக்க வரும். சுவிட்சை அணைத்துவிட்ட கீசருக்குள் ஏசி குளிரில் கிடக்கும் தண்ணீர்தான் கை வைக்கும்படி இருக்கும். வளைகுடாவில் இருக்கிறவர்கள், இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த யோஸ்ட், கை கழுவப் போன இடத்தில் 'ஆ' என்று அலறும்வரை.

யோஸ்ட் ஹாலந்துக்காரர். என் கணவர் செந்தில் வேலை பார்க்கும் துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர். சிவந்த விரல்களை ஊதிக்கொண்டே அவர் சாம்பார் சாதம் சாப்பிட்டார். கீசர் விஷயத்தை விளக்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கள் குடும்பத்தையே ஒரு வாரம் மழையில் நிறுத்தி வைக்க வேண்டும்" என்றார். அவருடைய தங்கைக்கு வேலுவ என்ற பகுதியில், காட்டுக்குள் ஒரு சின்ன வீடு இருக்கிறதாம். சுற்றிலும் பைன் மரங்கள். மரம் முடிகிற இடத்தில் 'ஹெய்ட' என்று அவர்கள் சொல்லும் வெட்டவெளி, அதில் முழங்கால் உயரச் செடிகள், மேயும் செம்மறி ஆடுகள். சோஹாரிலேயே பிறந்த என் மகள் நிலாவும் அவள் தம்பி அகிலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "அப்பா, கேன் வி கோ?" என்றான் அகில். செந்தில் என்னைப் பார்த்தார். நான் மோர் எடுத்துவர உள்ளே போனேன்.

எங்கள் வீட்டில் லீவு என்றால் திருச்சி என்றுதான் பொருள். பள்ளிக்கூடம் மூடியதும் விமானம் ஏறுவோம், திறப்பதற்கு முதல் நாள் திரும்புவோம். என் அப்பா போனபின் திருச்சி உறையூர் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வருடம் முழுக்க நான் அவரிடம் பேசும் பேச்செல்லாம் "ஜூலைல வந்துடுவோம்மா" என்பதில்தான் முடியும். இந்த லீவில் பாதியை முன்பின் தெரியாத ஒரு காட்டுக்குக் கொடுப்பதா? ஆனால் செந்தில் ஒன்று சொன்னார். "பசங்களுக்கு லீவுன்னா ஒரு ஏசி ரூம்லேர்ந்து இன்னொரு ஏசி ரூமுக்குப் போறதுன்னு ஆயிடுச்சு சுதா. ஒரு தடவை மண்ணுல நடக்கட்டுமே." சரி, அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லாமல் நாட்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

யோஸ்டின் தங்கை பெயர் மரைக்க. வீடியோவில் முதன்முதலாகப் பேசியபோது அவருக்குப் பின்னால் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. நேர்மையான பெண். குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். ஜூலையிலும் மழை பெய்யலாம். "ப்ராமிஸ்?" என்றான் அகில். சில நாள் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. நிலா கையைத் தட்டினாள். போன் சிக்னல் சரியாக வராது. செந்தில் முகம் மலர்ந்தது. தான் சொல்லும் குறை ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஏன் மகிழ்கிறோம் என்று மரைக்கவுக்குப் புரியவில்லை. கேலி செய்கிறோமோ என்றுகூட நினைத்திருப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைசியாக வைத்திருந்த பெருமையை எடுத்து நீட்டினார். "எங்களிடம் ஒரு பாலைவனம்கூட இருக்கிறது! உண்மையான மணல்! அதைப் பார்ப்பதற்கென்றே தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்." செந்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். எங்கள் வாசல்படியில் தினமும் நான் கூட்டித் தள்ளும் மணலை நினைத்துக்கொண்டு, "அவசியம் பார்க்கிறோம்" என்றேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. காரைக் காட்டின் வாசலிலேயே விட்டுவிட வேண்டுமாம். கடைக்கு, ஹெய்டவுக்கு, அந்தப் பாலைவனத்துக்கு, எங்கே போனாலும் 'ஃபீட்ஸ்', அதாவது சைக்கிள்தான். "நால்வருக்கும் எடுத்து வைக்கிறேன். ஓட்டுவீர்கள்தானே?" என்றார். உங்களுக்கு நடக்கத் தெரியும்தானே என்று கேட்பதுபோல இருந்தது. நால்வரும் தலையாட்டினோம். அதில் ஒரு தலை பொய் சொன்னது.

பள்ளி நாட்களில் தோழிகளெல்லாம் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகியபோது நானும் ஒருநாள் ஏறினேன். தெருமுனை வரைக்கும் நன்றாகத்தான் போனேன். அங்கே பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். கனகாம்பரக் கூடைக்குள் முகம் குப்புற விழுந்த என்னைப் பார்த்து உறையூர்க் கடைத்தெருவே சிரித்தது. வெகுநாள்வரை என்னைக் 'கனகாம்பரம்' என்றே கூப்பிட்டார்கள். அதன்பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை.

இப்போது நாற்பத்திரண்டு வயதில், பொழுது சாய்ந்தபின் கடற்கரை நடைபாதையில், நிலாவின் சைக்கிளில் நான். சுரிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். கடல் காற்று இட்லிப்பானை ஆவிபோல முகத்தில் அடித்தது. "கீழ பாக்காதீங்கம்மா! லுக் ஸ்ட்ரெய்ட்!" என்று பின்னாலேயே ஓடி வந்தாள் நிலா. எதிரே அபாயா என்ற கறுப்பு அங்கி அணிந்த ஓர் ஓமானியப் பெண் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் கையை வீசி, "யல்லா! யல்லா!" என்று சத்தம் போட்டார். பாதையை விட்டுப் போ என்கிறார் என்று எண்ணி, நான் தடுமாறி இறங்கி, "சாரி, சாரி" என்று சைக்கிளைப் புல்தரைக்குத் தள்ளினேன். அவர் திகைத்து நின்றுவிட்டார். பிறகு ஓடிவந்து இந்தியில், "உத்ரோ மத்! சலாவோ!" என்றார். இறங்காதே, ஓட்டு. அவர் எனக்கு உற்சாகம் ஊட்டியிருக்கிறார்!

அவர் பெயர் ஃபாத்திமா. மறுநாளும் வந்தார், காவா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டார். மழையும் காடும் பார்க்க ஹாலந்து போகிறோம் என்றேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "மழைக்காகவா? சலாலா இருக்கிறதே! எங்கள் நாட்டிலேயே மழை இருக்கும்போது ஹாலந்து எதற்கு?" 'எங்கள் நாடு' என்று சொன்னபோது அவர் கை என்னையும் சேர்த்துச் சுற்றி வந்தது. அன்றுதான் யாரும் பிடிக்காமல் மீன் மார்க்கெட் வரைக்கும் ஓட்டினேன். பின்னால் ஃபாத்திமாவும் நிலாவும் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன.

சைக்கிள் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்வதுதான் வரவில்லை. டிக்கெட் எடுக்கும் நாள் நெருங்க, இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒரு காலை போனை எடுத்தேன். ஹாலந்தில் ஒரு இடம், வேலுவ என்று பெயர், மரைக்க என்பவர் வீடு, அதனால் ஜூலையில் பிற்பகுதிதான் திருச்சி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"வேலூர்ல மரைக்காயர் வீட்டுல தங்கறதுக்கு ஏன்டி ஹாலந்து வழியாப் போறீங்க?" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. மறுபடியும் நிதானமாகச் சொன்னேன்.

"அம்மா? வருத்தமா?"

"ஜூலை முதல்ல வரமாட்டீங்க. நிச்சயமா?"

"ஆமாம்மா."

"அப்பாடா!" என்றார் அம்மா. "நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். எங்க யோகா கிளாஸ் லேடீஸ் எல்லாம் குலுமணாலி போறாங்க கண்ணு. வருஷா வருஷம் ஜூலைலதான் எங்கயாவது போவாங்க. நீங்க வருவீங்கன்னு நான் ஒருதடவைகூடப் போனதில்ல. இந்தத் தடவ பேர் குடுத்துட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஏங்கிப்போயிடுவேன்னு நெனச்சேன். அத விடு, அங்க ஸ்வெட்டர் கிடைக்குமா? இந்தத் திருச்சி வெயில்ல கேட்டா கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பாக்குறான்."

போனை வைத்தபின் சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. ஊருக்குப் போவதை நாங்கள் ஊருக்குச் செய்யும் உபகாரமாக நினைத்திருந்தோம். ஊரோ எங்களுக்காகத் தன் பிரயாணங்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. என்னைப்போல வருடாவருடம் பெட்டி கட்டும் வளைகுடாத் தோழிகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் எங்காவது போக வேண்டியிருக்கலாம். அன்று மாலையே மாலுக்குப் போய் ஐந்து ஸ்வெட்டர் வாங்கினோம். வெளியே அனல் காற்று வீசியது. பில் போட்ட மலையாளி அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கேட்க ஆசைப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அம்மாவுடையதை, மறுநாள் திருச்சிக்குப் புறப்பட்ட பக்கத்து ஃபிளாட்காரரிடம் கொடுத்தனுப்பினோம்.

கிளம்புவதற்கு முன் மரைக்கவுடன் கடைசியாகப் பேசினேன். சாவி எந்தக் கல்லுக்கு அடியில் இருக்கும், காட்டுப்பன்றி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு விவரம் கேட்டார். காட்டில் சிக்னல் இருக்காது. அவசரமென்றால் தகவல் சொல்ல, வீட்டில் இருக்கும் ஒருவருடைய நம்பர் வேண்டும்.

"எந்த வீட்டில்?" என்றேன்.

"உங்களுக்கு இரண்டு வீடா?" அவர் புருவம் உயர்ந்தது. பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். சோஹார் வீடு பூட்டியிருக்கும். உறையூர் வீடும் பூட்டியிருக்கும். எனக்கு நினைவு தெரிந்து இரண்டும் ஒரே நேரத்தில் பூட்டிக்கிடப்பது இதுதான் முதல் தடவை. மரைக்க பேனாவோடு காத்திருந்தார். நான் அம்மாவின் செல்போன் நம்பரைச் சொன்னேன்.

"இதுதான் வீட்டு நம்பரா?"

"ஆமாம், இதுதான்" என்றேன். அந்த நம்பர் அப்போது இமயமலையில் ஏதோ ஒரு வளைவில், புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பஸ் ஜன்னலோரம் போய்க்கொண்டிருக்கும் என்பதை நான் அவருக்கு விளக்கவில்லை.