அப்பாவுக்கு எடுத்த வேம்புத்தேன்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்டதும் எங்கள் தெருவில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்து அங்கே படுத்திருந்தபோது சரியான பிறகுதானே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்? அதே கணக்கை அப்பாவுக்கும் போட்டுக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு.

அப்பாவுக்குத் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. மருந்து கலக்கிற அறையில் தீப்பிடித்து உடம்பெல்லாம் வெந்துபோனார். முன்னறையில் வாழையிலை விரித்து அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். வாய்ப்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்த அப்பா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருப்பாள். அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழா சாட்டியிருந்த நேரம் அது. எங்கள் வீட்டைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை மட்டும் யாரோ அவிழ்த்து வேறு பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார்கள். பாட்டுக் கேட்கவில்லையே என்று எனக்குக் குறை.

"வாயெல்லாம் கசக்குது தாயி. ஏதாச்சும் இனிப்பாக் குடேன்" என்றார் அப்பா என்னிடம்.

"ஒங்க மாமாட்ட போயித் தேன் வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

மாமா அம்மாவின் தம்பி. ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுவார். கோயிலுக்குப் பின்னால் இருந்த புஞ்சையில் தேன்பெட்டிகள் வைத்திருந்தார். சாயங்காலம் பெட்டியைத் திறப்பதாகச் சொன்னார். எனக்கோ வேறு கவலை. கோயில் வேம்பு கொள்ளாமல் பூத்திருந்தது. தேனீக்கள் எல்லாம் அதில்தான் மொய்த்துக் கிடந்தன. போன வருசம் வேம்புத்தேனை நக்கிவிட்டுத் துப்பியவள் நான். வாய் கசக்கிற மனுசனுக்குக் கசந்த தேனா?

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சீனியைக் கரைத்து, டிபன் மூடியில் ஊற்றிக்கொண்டு வந்து பெட்டி வாசலில் வைத்தேன். இதைக் குடித்தால் சாயங்காலத்துக்குள் தேன் இனித்துவிடும் என்பது என் எண்ணம். எறும்பு வந்தது. தேனீ ஒன்றுகூட இறங்கவில்லை. மூடிக்கு மேலாகவே பறந்து வேம்புக்குப் போயின. கோயில் வாசலில் நின்று அம்மனிடம் கெஞ்சினேன். "தாயே, ஒன் பூவக் கொஞ்சம் மூடி வச்சுக்கோ. எங்கப்பா தேன் சாப்பிட்டதும் தெறந்துக்கோ." அவள் மூடவில்லை. அவளுக்குத் தெரியாததா?

மாமா வந்து மூடியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, யாருக்கு விருந்து? வேம்பு பூத்துக் கெடக்கயில ஒன் சீனித்தண்ணிய எது சீந்தும்?"

"அது கசக்குமே மாமா."

"ஒனக்குத்தான் கசப்பு. அதுக்கு அந்தக் கசப்புத்தான் ருசி."

நான் அழுதுவிட்டேன். அப்பா இனிப்புக் கேட்டதைச் சொன்னேன். மாமாவின் சிரிப்பு நின்றது. பெட்டி மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இங்க பாரு தாயி. நோவு கண்ட தேனீ வாசல்ல சுருண்டு கெடக்கும். அதுவே ஒடம்ப இழுத்துக்கிட்டுப் போயி இந்த மாதிரிக் கசந்த பூவாத் தேடித்தான் குடிக்கும். அந்நேரம் அதுக்கு அது இனிக்கும். குடிச்சிட்டு எந்திரிச்சுரும்."

"செத்துப்போகாதா?"

"போகாது" என்று சொல்லிவிட்டுப் தேனீக்களை விலக்கப் புகை போடக் குனிந்துகொண்டார்.

மாமா கண்ணால் பார்த்துச் சொன்னாரா, அழுகிற பிள்ளைக்காகச் சொன்னாரா, நான் கேட்டதே இல்லை. கேட்கவும் மனசு வராது. ஆனால் அன்றைக்கு அதை அம்மன் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். தேனடையில் ஒரு மூலையை அறுத்து டம்ளரில் பிழிந்து கொடுத்தார். வழியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். முதலில் இனித்து, தொண்டைக்குள் போனதும் கசந்தது.

அப்பாவின் நாக்கில் நான்தான் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியது.

"கசக்குதாப்பா?"

"இல்ல தாயி. இனிக்குது" என்றார். "நல்லா இனிக்குது. இன்னும் கொஞ்சம் வையி."

மாமா சொன்னது போலவே ஆகிவிட்டது. டாக்டர் கொடுத்ததை எல்லாம் அளந்து அளந்து புகட்டிய அம்மா, அன்று நான் டம்ளரைக் காலி செய்யும்வரை தடுக்கவில்லை. கேட்டதை எல்லாம் கொடுக்க விட்டாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எதற்கு அழுகிறாள்? இனித்துவிட்டதே, இனி எழுந்துவிடுவாரே!

தெருக்குழாயடிக்கு ஓடினேன். "எங்கப்பாவுக்கு வேம்புத்தேனு இனிக்குதாம்! சரியாயிருச்சு! வந்து பாருங்க!"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அம்மா என்ன செய்றா தாயி?" என்று ஒரு அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"அழுதுக்கிட்டு இருக்கா."

குடங்களை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். ஒருத்தி போகிற போக்கில் என் தலையைத் தடவினாள். எங்கள் வீட்டுச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்று நினைத்து, வழிகாட்டுகிறவள் போல அவர்களுக்கு முன்னால் ஓடினேன்.