மச்சுக்குப் போட்ட கதவு

எங்கள் கோட்டுச்சேரி வீட்டு மச்சுக்கு வெகு காலம் கதவு கிடையாது. கூடத்தை ஒட்டிய அறைக்கு மேலே பலகை பாவி மச்சு கட்டியிருந்தார்கள். அதற்குள் போகக் கூடத்துச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, சதுரமாக ஒரு திறப்பு. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். தேங்காய், பழைய பாய், தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு அச்சு என்று அது பாட்டுக்குத் திறந்தே கிடந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கதவு அவசியமாயிற்று. பதினாலு மாதக் கல்யாணம். காரணங்களை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டிவரும். அவ்வளவு பெருந்தன்மை எனக்குக் கிடையாது. நான் வந்த மறுமாதம் சீர்ப் பாத்திரங்களும் ஒரு மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த வேளை. அம்மா எல்லாவற்றையும் மச்சில் ஏற்றினாள். என் பெயர் வெட்டிய பெரிய பித்தளை அண்டாதான் படுத்திவிட்டது. அப்பா மேலிருந்து இழுக்க, நாங்கள் இருவரும் கீழிருந்து தள்ள, சுவரை உரசிக்கொண்டு ஒருவழியாக உள்ளே போயிற்று.

அதன்பிறகு கூடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அம்மாவின் கண் அந்தத் திறப்புக்கே போகும். பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டுப் பார்த்தாள். காற்றடித்தால் புடவை விலகும், உள்ளே பித்தளை பளபளக்கும். கடைசியில் அப்பாவை அரித்தெடுத்து ஆசாரியை வரவழைத்தாள். கேட்டவர்களிடம், "பூனை ஏறிக் குட்டி போட்டுடுது" என்றாள். எங்கள் தெருவில் அப்போது ஒரு பூனையைக்கூட நான் பார்த்ததில்லை.

அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் குறித்தார். மச்சுக் கதவுக்கெல்லாம் முகூர்த்தமா என்று நான் சிரித்தேன். "நிலைன்னா நிலைதான்" என்றார். அன்று காலை வேப்ப மரத்து நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. ஆசாரி ஏணியில் நின்றபடி திறப்பை ஒருமுறை அளந்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உள்ள பெருசா ஏதாச்சும் இருந்தா இப்பவே எறக்கிடுங்கம்மா. நிலை வச்சிட்டா பக்கத்துக்கு மூணு அங்குலம் போயிடும்."

"ஒன்னும் இல்ல. நீங்க வைங்க" என்றாள் அம்மா.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பட்டப்பகலில் அண்டாவைக் கூடத்தில் இறக்கி வைப்பதைவிட அது உள்ளேயே கிடக்கட்டும் என்றுதான் நாங்களும் இருந்துவிட்டோம். நிலையைப் பூசிக் கதவை மாட்டிப் பூட்டும் போட்டார்கள். அன்று அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்குப் பாண்டியில் அரசாங்க வேலை கிடைத்தது, எழுத்தர் உத்தியோகம். தனியாக ஓர் அறை பார்த்திருந்தேன். குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும், பிடித்து வைக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். மச்சைத் திறந்து அண்டாவைத் திறப்புவரை உருட்டிக்கொண்டு வந்தேன். குறுக்கே வைத்தேன், சாய்த்தேன், கவிழ்த்தேன். எப்படி வைத்தாலும் நிலையில் இடித்தது.

"பிளாஸ்டிக் டிரம் வாங்கிக்க. வச்ச நிலையப் பேக்கறது நல்லதில்ல" என்றார் அப்பா.

"தனியா இருக்கப்போற பொண்ணுக்கு அண்டா எதுக்கு? பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு பாப்பாங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "பாக்கட்டும்! நான் என்ன திருடிக்கிட்டா வந்தேன்? நான் ஊருக்குப் போறதையும் ஒளிச்சு வைக்கணுமா? அப்படின்னா நானும் மச்சுலயே இருந்துடுறேன்" என்று மேலிருந்தே கத்தினேன். அண்டா இல்லாமல் போனால் சாகும்வரை தலை குனிந்தே நடப்பேன் என்று அந்த நிமிஷம் தோன்றியது. இப்போது யோசித்தால் கொஞ்சம் அதிகம்தான். அன்று அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா ஆசாரியோடு வந்து நின்றாள். அவளே போய்க் கூட்டிவந்திருக்கிறாள்.

"பேத்துடுங்க. என்ன வருதோ வரட்டும்" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுத்தியல் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்துவிட்டாள். அம்மாவைவிட மூத்தவள், தினம் ஒருதரமாவது எங்கள் வீட்டுக்கு வருபவள். அம்மா யாருக்குப் பயந்து கதவு போட்டாளோ, அவள்தான். அண்டா அப்போது கூடத்தின் நடுவில் இறங்கியிருந்தது, என் பெயர் வெளியே தெரிய.

அம்மா புடவைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தாள். "பொண்ணோடது அக்கா. திரும்பி வந்த சீர். உத்தியோகத்துக்குப் போறால்ல, எடுத்துக்கிட்டுப் போறா" என்றாள்.

"தெரியும் தங்கச்சி. வண்டி வந்த அன்னைக்கே ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நீங்களா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவள் அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், மறுபக்கத்தை அம்மா பிடித்தாள். இருவருமாக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு அக்கா இவ்வளவு நாளும் எங்கள் கூடத்தில் அந்த மச்சுச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.