நான் ஜெயிலுக்கு அனுப்பிய வாட்ச்மேன்

போன வெள்ளிக்கிழமை கொல்லிமலையில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் என்னை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள். தோற்றுப்போனேன். இன்னும் அந்தப் பிரமிப்பு போகவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ‘டவுசர் துப்பறியும் கம்பெனி’ என்று ஒரு சிறுவர் நாவல் எழுதினேன். சிரிப்பும் மர்மமும் சரிபாதி. இப்போது வரும் பதிப்பில் அட்டையிலேயே ‘கிளாசிக்’ என்று போடுகிறார்கள். கிளாசிக் ஆகிவிட்டால் ஒரு வசதி. யாரும் அதில் தப்புக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை. ஓர் ஊரில் கண்காட்சி. முதல் பரிசு வாங்கிய பலாப்பழம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பூட்டிய அறையிலிருந்து காணாமல் போகிறது; தோலும் கொட்டையும் மட்டும் மிச்சம். டவுசர் போட்ட மூன்று பொடியன்கள் ஊரையே தலைகீழாகப் புரட்டி, கடைசி அத்தியாயத்தில் திருடனைப் பிடிக்கிறார்கள். வாட்ச்மேன் மாணிக்கம். சாவி அவனிடம்தானே இருந்தது? அவனும் ஒப்புக்கொள்கிறான். போலீஸ் ஜீப், கைதட்டல், சுபம். ஒரு பலாப்பழத்துக்கு ஜெயிலா என்று கேட்காதீர்கள்... நகைச்சுவை நாவல்.

மலைமேல் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஸ்டெல்லா டீச்சர், வாரம் ஓர் அத்தியாயமாக இதை வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். போனில் கூப்பிட்டார். “பிள்ளைங்க உங்களைப் பார்க்கணுமாம் சார். கொஞ்சம் கேள்வி இருக்காம்.”

எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் உரையில் ஒரு வரி சேர்ந்தது. வளைவுகள் எழுபது. உரை ரொம்ப நீளமாகிவிட்டது.

பள்ளி கேட்டைத் திறந்துவிட்டவர் காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர். “வாங்க சார்” என்றார். என் முகத்தைப் பார்க்காமல், காரைப் பார்த்துச் சொன்னார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பறியும் நாவல் எழுதுகிறவனின் லட்சணம்.

வராந்தாவில் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “அவர்தான் எங்க வாட்ச்மேன். அவர் பொண்ணு கௌசல்யா ஏழாவது படிக்கிறா. கடைசி அத்தியாயம் வாசிச்ச அன்னையிலேர்ந்து பசங்க அவளை ‘பழத்திருடன் மக’ன்னு கூப்பிடறாங்க. நான் அதட்டியும் நிக்கல. நாலு நாள் ஸ்கூலுக்கே வரல. அஞ்சாம் நாள் வந்து, ‘புக்கைக் குடுங்க டீச்சர், ஒரு தடவ நானே படிக்கிறேன்’னா.”

எழுபது வளைவுகளில் சேர்த்த உரை மொத்தமும் எனக்கு மறந்துபோனது.

வகுப்பில் ஒரு பெஞ்சு மேல் பலாப்பழம். பக்கத்தில் கத்தி. அதற்குப் பின்னால் நோட்டோடு கௌசல்யா. இரண்டு பக்கமும் அவளுடைய தோழிகள் இருவர். மாலை, சால்வை எதுவும் கண்ணில் படவில்லை.

“சார், பழத்த நீங்க வெட்டுங்க” என்றாள் கௌசல்யா.

நான் டவுன்காரன். எனக்குப் பலாப்பழம் என்பது தட்டில் வந்து உட்காரும் சுளை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? வெட்டினேன். பால் வழிந்து விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் நூல் நூலாக வந்தது.

“இப்ப போயி குழாயில கழுவிட்டு வாங்க.”

கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவினேன். சோப்பும் கையில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே சிரித்தது. கௌசல்யா சிரிக்கவில்லை. நோட்டைப் பிரித்தாள்.

“கடைசி அத்தியாயத்துல மாணிக்கத்தோட கையப் பாக்குறாங்க. சுத்தமா இருக்கு. தண்ணித் தொட்டியில கழுவிட்டான்னு எழுதியிருக்கீங்க. தண்ணியில எப்படிங்க போவும்?”

ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

“பலாப் பாலு எண்ணெ போட்டுத் தேச்சாத்தான் போவுமுங்க. உங்க கதையில எண்ணெக் கை ஒருத்தருக்குத்தான் இருக்கு. ஏழாவது அத்தியாயம்.”

ஏழாவது அத்தியாயத்தில் கண்காட்சித் தலைவர் வருவார். முறுக்கு மீசை, அதற்கு எப்போதும் எண்ணெய். பொடியன்கள் அவரோடு கை குலுக்க, எண்ணெய் வழுக்கி மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். சும்மா சிரிப்புக்காக எழுதியது.

“மீசைக்கு எண்ணெ போட்டா விரல் நுனியிலதான சார் இருக்கும்? கை பூரா எதுக்கு?”

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். “ஒன்பதாவது அத்தியாயம். எப்பவும் ரெண்டு எலை சாப்பிடற தலைவரு, அன்னிக்கு வயிறு மந்தம்னு மோர் மட்டும் குடிக்கிறாரு. மாணிக்கம் மூணு தடவ சோறு வாங்குறாரு. ஒரு பழத்தத் தின்னவரு மூணு தடவ சோறு வாங்குவாருங்களா? சாவியும் ரெண்டுங்க. இன்னொண்ணு தலைவர்கிட்ட இருக்குதுன்னு மூணாவது அத்தியாயத்துல நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

மயிர் கூச்செறிந்தது என்று எழுதினால் நம்புவீர்களா? எண்ணெய், மோர், சாவி – எல்லாம் நான் போகிறபோக்கில் தூவியவை. அவற்றைக் கோத்துப் பார்க்க எனக்கே தோன்றவில்லை. ஒரு நிஜத் திருடர் என் புத்தகத்துக்குள் இருபத்தெட்டு வருஷமாக மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எத்தனை விமர்சனம், எத்தனை பதிப்பு... ஒருவர் கண்ணிலும் படவில்லை. பன்னிரண்டு வயசுப் பெண் பிடித்துவிட்டாள்.

கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். “மாணிக்கம்தான் ஒப்புக்கொண்டானே, அம்மா?”

கௌசல்யா நோட்டை மூடினாள்.

“பெரியவங்க நாலு பேரு சுத்தி நின்னு கேட்டா ஒப்புக்குவாருங்க. எங்கப்பாவும் அப்படித்தான். குழா ஒடஞ்சாலும் ‘நாந்தானுங்க’ம்பாரு. எதுத்துப் பேசுனா வேல போயிருமில்லீங்களா?”

சிரித்த பையன்கள் பெஞ்சைப் பார்த்தார்கள்.

மாணிக்கத்தைத் திருடனாக்க நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் தெரியுமா? ஒரு காபி குடிக்கிற நேரம். அவன் ஏழை, அவனிடம் சாவி இருந்தது, எதிர்த்துப் பேச மாட்டான். எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெண்ணின் முன்னால் நிற்கவே பிரமிப்பாக இருந்தது. கிண்டல் செய்தவர்களோடு அவள் சண்டைக்குப் போகவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

புத்தகத்தில் எழுதித் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். விரல் பிரியவில்லை. அப்போது வாசலில் இருந்து ஒருவர் சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயோடு வந்தார். காக்கிச் சட்டை. “கையக் காட்டுங்க சார்” என்று, நான் தடுக்கத் தடுக்க, விரல் விரலாகத் தேய்த்துவிட்டார்.

சுத்தமான கையால் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: ‘மாணிக்கம் நிரபராதி. பழத்தைத் தின்றவர் தலைவர். பழி போட்டவன் நான்.’ கையெழுத்தும் போட்டேன். கௌசல்யா அதை வகுப்புக்கு இரண்டு தடவை உரக்க வாசித்தாள்.

“எல்லாம் கததான கண்ணு” என்றார் அவள் அப்பா. ஆனால், கேட்டில் பார்க்காத என் முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

நான் கிளம்பினேன். கார்க் கதவு வரை கௌசல்யா வந்தாள். ஆட்டோகிராப் கேட்பாள் என்று நினைத்தேன்.

“சார், இந்தப் புக்குல சரியாப் போச்சுங்க. மத்த ஊருல இருக்கிற புக்குலயெல்லாம் அவரு இன்னும் ஜெயில்லதான இருப்பாரு?”

அடுத்த பதிப்பில் கதையை மாற்றிவிடுவேன். ஆனால் ஏற்கெனவே விற்ற பிரதிகளை நான் எங்கே போய்த் தேடுவேன்? அதற்காகத்தான் இந்த வாரப் பத்தி. உங்கள் வீட்டு அலமாரியிலோ, பக்கத்து நூலகத்திலோ அந்தப் புத்தகம் இருந்தால், கடைசிப் பக்கத்தைத் திறந்து, நான் எழுதிய மூன்று வரியையும் எழுதிவிடுங்கள்.

இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது... மனுஷன் வீட்டுக்குப் போகட்டும்.