வெர்லா கேட்கும் சத்தம்

கழுத்தில் மாநாட்டு அட்டை, காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். கணினித் திரையில் இடைவேளை என்று வந்ததும் வெர்லா காபிக் கோப்பையோடு பம்பு அறையின் நடையில் உலாவுகிறாள். "மாநாட்டுல உருப்படியான பேச்செல்லாம் நடையிலதான் நடக்கும். இங்க நான் மட்டும் நடக்கிறேன்" என்கிறாள்.

கனடாவின் சஸ்காச்சுவானில், ஏரியை ஒட்டிய எங்கள் சிற்றூரின் குடிநீர் ஆலையை இயக்குபவள் வெர்லா ஒருத்திதான். உரிமம் பெற்ற மாற்றாள் இல்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது. குடிநீர் ஆலைக்காரர்களின் மாநாட்டுக்கு ஒரே ஒருமுறை நேரில் போனாள். அப்போது ஆலையைப் பார்த்துக்கொண்டவர் என் கணவர் டெல்மர். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் தொப்பி பம்பு அறையில் அதே ஆணியில் தொங்குகிறது. வெர்லா தூசி தட்டி வைக்கிறாள்.

இந்த நவம்பரில் மாநாடு இணையவழியாகத் திரைக்கு வந்தது. முதன்முறையாக அவளும் பேச்சாளர். ஏரி உறையத் தொடங்கும்போது நீருக்குள் ஊசி ஊசியாய்ப் பனி திரண்டு உறிஞ்சுகுழாயின் வலையை அடைக்கும். அளவுமானி காட்டுவதற்கு வெகு முன்பே பம்பின் சத்தம் மெலியும் என்பது அவள் கட்சி. டெல்மரைத் தவிர யாரும் நம்பியதில்லை. "இன்னிக்கும் நம்பலன்னா, பம்போட பேசற பைத்தியம்னே இருந்துட்டுப் போறேன்" என்றாள் என்னிடம்.

தன் முறை வந்ததும் கணினியைப் பம்பருகே நீட்டினாள். "கேக்குதா?"

எதுவும் கேட்கவில்லை என்று மற்றவர்கள் திரையில் எழுதினார்கள். இரைச்சலை வடிகட்டும் வசதி, பம்பையே துடைத்துவிட்டிருந்தது. "அடப்பாவி, நான் பேச வந்ததே அதைப் பத்திதான்" என்று முனகியபடி அந்த வசதியைத் தேடி நிறுத்தினாள். பிறகு, பனி அடைப்பதுபோலக் காட்ட, உறிஞ்சும் பக்கத்து வால்வை மெல்லத் திருகினாள். முழக்கம் ஒரு நூல் மெலிந்தது. அளவுமானியின் முள் அசையவில்லை.

வடக்கு டகோட்டாவிலிருந்து ரோல்ஃப் என்பவர் தம் ஒலிவாங்கியைத் திறந்தார். அவரும் ஆலையிலேதான் இருந்தார். அடுத்து ஒருவர், இன்னொருவர். மாற்றாள் இல்லாதவர்கள். எங்கெங்கோ ஓடும் பம்புகள் எங்கள் அறையில் முழங்கின.

வெர்லா கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். "ரோல்ஃப், உங்களுது மெலியுது. வலையைப் போய்ப் பாருங்க."

"முள்ளு சரியாத்தானேம்மா நிக்குது?"

"முள்ளை விடுங்க. போங்க."

பதினோரு நிமிடம் கழித்து, நீர் சொட்டும் கையுறையில் ஒரு கைப்பிடி பனி ஊசிகளை அள்ளிவந்து காட்டினார்.

யாரும் கைதட்டவில்லை. திரை முழுக்கக் காலி நாற்காலிகள். எல்லாரும் தத்தம் பம்பைக் கேட்க எழுந்து போயிருந்தார்கள்.

வெர்லா கழுத்து அட்டையைக் கழற்றினாள். டெல்மரின் தொப்பி இருந்த ஆணியில், அதன் மேலேயே மாட்டினாள்.