அடிக்குறிப்பில் வைத்த அண்ணன்

நிதி அமைச்சருக்கு அண்ணியாக இருப்பது என்றால் சும்மாவா? தெருவே வயிறெரிந்தது. "உனக்கென்னம்மா, கஜானா சாவியே கொழுந்தன் கையில இருக்கு" என்றார்கள். அந்த அழகு அவளுக்குத்தான் தெரியும்.

அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடப் பையன். அப்பா அம்மா இல்லாத வீடு. அவள் புருஷன் தையல்காரர், இடுப்பு ஒடிய மிஷின் மிதித்துத் தம்பியைப் படிக்கவைத்தார். அவனும் சும்மா சொல்லக்கூடாது, படிப்பில் புலி. பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை, தலையணை தடிமனில் நாலு புத்தகம். அந்தப் புத்தகங்களில் ஒரு விசேஷம் உண்டு. கொள்கையைப் பெரிய எழுத்தில் முழங்குவார். 'ஆனால்', 'தவிர' எல்லாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கும். அறிஞர்கள் மத்தியில் அதற்குத்தான் மதிப்பாம். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'அடிக்குறிப்பு'.

ஆட்சி மாறியது. படித்தவர் ஒருத்தர் இருக்கட்டும் என்று கூப்பிட்டு அமைச்சர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் பட்ஜெட்டிலேயே மனுஷர் கத்தியை எடுத்தார். சொந்தக் கடை வைத்திருப்பவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை கிடையாது. உயிர் காக்கும் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை எங்கே வைத்தார்? பழக்கதோஷம், ஆணையின் அடிக்குறிப்பில் வைத்தார். எண் போட்ட பிரிவுகளுக்குத்தான் கருவூலத்தில் பணம் ஒதுக்குவார்கள், பொடி எழுத்தை அங்கே ஒருத்தரும் சீந்தமாட்டார்கள் என்பது அந்த மேதைக்குத் தெரியவில்லை.

தையல்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி டயாலிசிஸில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஆணை வந்த வாரம், கவுண்ட்டரில் இருந்தவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கடை இருக்குல்லம்மா? அப்ப காசு கட்டணும். எனக்கு வந்த ஆர்டர் இதுதான்." அவள் கம்மலை விற்று இரண்டு தடவை கட்டினாள். அதற்கு மேல் விற்க ஒன்றுமில்லை. நேரே அமைச்சர் வீட்டுக்குப் போனாள்.

அவர் ஆணையை எடுத்துப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"பிசகிப்போச்சு அண்ணி. இந்த விலக்கு பிரிவுக்குள்ள வந்திருக்கணும்."

"அப்ப மாத்திடுங்க தம்பி. ஒரு வரிதானே?"

"இப்ப முடியாது. சபை நடக்குது. போட்ட மையே இன்னும் காயல, அதுக்குள்ள மாத்தினா எதிர்க்கட்சிக்காரன் கிழிச்சுடுவான். அதுவும் சொந்த அண்ணனுக்காகன்னு தெரிஞ்சா என் கதை கந்தல்தான்."

"சரி, தனியார் ஆஸ்பத்திரியிலாவது சேத்துவிடுங்க. செலவ நீங்க பாத்துக்குங்க."

"அமைச்சரோட அண்ணனே தனியார் ஆஸ்பத்திரியிலயான்னு பேப்பர்ல போடுவான் அண்ணி. நான் காசு குடுத்து அரசு ஆஸ்பத்திரியிலயே கட்டினாலும், அவர் ஆர்டர் அவர் அண்ணனையே கடிச்சுதுன்னு போடுவான். கூட்டத்தொடர் முடியட்டும், மூணே வாரம். அதுவரைக்கும் அண்ணனைக் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லுங்க."

பல்லைக் கடிப்பதாம்! மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிற மனுஷன் எந்தப் பல்லைக் கடிப்பது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் என்ன செய்வாள், காலில் விழுந்தாள். "ஐயோ, எழுந்திருங்க அண்ணி, யாராவது வந்துடப்போறாங்க" என்று அவர் கதவைப் பார்த்தார். பிறகு வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதையில் மட்டும் குறை வைக்கவில்லை.

வீட்டில் முகமெல்லாம் வீங்கிக் கிடந்த புருஷன், "தம்பி என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"உடனே செஞ்சுடறேன்னார்" என்றாள். வேறு எதைச் சொல்ல அவளுக்கு வாய் வரும்?

"பாத்தியா! அவனுக்கு ஆயிரம் ஜோலி. அதுக்கு நடுவுலயும் நம்மள விட்டுடல பாரு."

அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தார். ஒரு வாரம் தாங்கவில்லை, போய்விட்டார்.

அமைச்சர் போலீஸ் புடைசூழ வந்தார். அண்ணனைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். பொய் சொல்லக்கூடாது, நிஜ அழுகைதான். சற்று நேரத்தில் அவருடைய செயலாளர் வந்து காதோரம் குனிந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அது கேட்டது.

"சார், அந்தத் திருத்தத்த இப்ப போட்டுடலாம். இனிமே அண்ணனுக்காகப் பண்ணினார்னு யாரும் வாயத் திறக்க முடியாது."

அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் தெளிந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையோட கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

கொண்டுவந்திருந்தார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.