காணாமல் போன ஸ்பானர்

கங்காதரன் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. திருத்தணியில் விடியற்காலை ரயிலைப் பிடித்து மீனம்பாக்கம் போவான். அங்கே விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் ஃபிட்டர். அதற்கு முன் பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ரிப்பேர் பார்த்தவன். தறியை மாட்டி முடித்தபின் ஒரு போல்ட் மிச்சமானால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். யாரும் கேட்டதில்லை.

இங்கே கேட்டார்கள். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைச் சிவப்புப் பெயிண்டில் வரைந்து, அதன்மேல் மாட்டியிருந்தார்கள். ஒன்று குறைந்தால் சிவப்பு பளிச்சென்று தெரியும். விமானத்துக்குள் விட்டுப்போன ஸ்பானர் பறக்கும்போது எதிலாவது சிக்கினால் ஆபத்து. அவன் முடுக்கியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். "எம்மேல நம்பிக்கை இல்லியாம்" என்று மனைவி மணியம்மையிடம் குறைபட்டுக்கொண்டான்.

1974 ஆடிக் கிருத்திகை. மத்தியானம் வீட்டுக்குப் போய்க் காவடி எடுக்கவேண்டும் என்ற அவசரம். வேலை முடிந்து ஸ்பானர்களை மாட்டும்போது ஒரு சிவப்பு மூடாமல் நின்றது. இருப்பதிலேயே சின்ன ஸ்பானர். விமானமோ வெளியே போய் நின்றாகிவிட்டது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கூட வேலை செய்த வேடியப்பன் தோளில் கை வைத்தான். "கம்முனு இருப்பா. கீழ எங்கியாவது கெடக்கும். நாளைக்கு நானே ஒண்ணு வாங்கியாந்து மாட்டிடறேன்." நல்ல மனதோடுதான் சொன்னான்.

கங்காதரன் கை கழுவப் போனான். வெயிலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு விமானத்தின் படியேறுவது தெரிந்தது. சோப்பு நுரையோடு இன்ஜினியர் சாமிநாதனிடம் ஓடினான்.

"சார், ஒரு ஸ்பானரைக் காணோம்."

"எங்க வேலை செஞ்ச?"

"எடது றெக்கைக்குள்ள சார்."

சாமிநாதன் உடனே போனை எடுத்தார். ஏறியவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். இறக்கையின் மூடிகளைக் கழற்றி, டார்ச் அடித்து மூன்று மணிநேரம் தேடினார்கள். இறங்கியவர்களில் சஃபாரி சூட்காரர் ஒருவர் நேரமாகிறதென்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில், எண்ணெய் துடைத்த துணிகள் போட்ட சாக்கை உதறியபோது அது விழுந்தது. விமானத்துக்குள் இல்லவே இல்லை.

கங்காதரனுக்குக் கூசிப்போனது. "வேலை போயிடுமா சார்?"

"மறைச்சிருந்தா போயிருக்கும்" என்று ஒரு தாளை நீட்டினார் சாமிநாதன். "சொன்னவனை அனுப்பிட்டா, நாளைக்கு எவன் வந்து சொல்லுவான்? நடந்தத நடந்தபடி எழுது."

அடுத்த வாரமே புது உத்தரவு வந்தது: துணிச் சாக்கை உதறிப் பார்த்தபிறகே விமானம் கொட்டகையை விட்டு வெளியேற வேண்டும். மற்ற ஊர்க் கொட்டகைகளுக்கும் அது போனது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப்பின் இன்னொருவர் வந்து சரிபார்த்தால் அவனுக்குக் கோபம் வரவில்லை.

ஏழு வருஷம் கழித்து, மணியம்மையின் தம்பி ராஜவேலுவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. பள்ளிப்பட்டிலிருந்து விடைபெற வந்தவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"பாவா, நடு வானத்துல எதுனா ஆச்சுன்னா?" என்று அக்காள் கணவனைக் கேட்டான்.

"ஒரு எஞ்சின் நின்னா மத்தது கொண்டாந்து சேக்கும். ஓட்டறவங்களும் ஒருத்தருக்கு மேல."

"நீங்க தப்பு பண்ணிட்டா?"

"பண்ணியிருக்கேன்பா. எல்லாருந்தான் பண்ணுவோம். அதனாலதான் நான் செஞ்சத இன்னொருத்தன் பாக்குறான். எங்கியாவது ஒரு பிளேன் விழுந்துச்சுன்னா, ஏன் விழுந்துச்சுன்னு தோண்டித் துருவி மத்தவங்களுக்கும் சொல்லிடறாங்க. அதே தப்பு திரும்ப நடக்கக் கூடாதுன்னு."

"நம்ம பஸ்ஸுல இதெல்லாம் பாக்குறாங்களா?"

"அதுல நீ பயமில்லாம தொங்கிகினு போறியே!"

ராஜவேலு முதல்முறையாகச் சிரித்தான். சோற்றைப் பிசைந்தான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மணியம்மை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பம்பாயில் விமானம் ஏறியதும் தூங்கிப்போனானாம். சாப்பாடு கொடுத்ததுகூடத் தெரியாதாம்.

"தூங்கினேன்னு எழுதியிருக்கானே, அத இன்னொரு வாட்டி படி" என்றான் கங்காதரன்.